உங்கள் கதை உங்களுடையது: உளவளத்துணையாளர் உங்கள் தகவல்களை எவ்வாறு பாதுகாக்க வேண்டும்?

ஊர் திரும்பியுள்ள குடும்பங்கள் இதுவரை எத்தனையோ இடங்களில் தங்கள் விபரங்களைக் கொடுத்துவிட்டன. இடைத்தங்கல் முகாமில் ஒரு பதிவு; உறவினர் வீட்டில் இருந்த காலத்தில் கிராம அலுவலரிடம் ஒரு பதிவு; நிவாரணத்துக்கு ஒரு படிவம்; வீட்டுத்திட்டத்துக்கு இன்னொரு படிவம். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து வந்தவர்கள் அங்கும் பதிந்து, இங்கும் பதிந்திருப்பார்கள். “குடும்பத்தில் எத்தனை பேர்? இவர் ஏன் இல்லை? எங்கே, எப்போது?” என்ற கேள்விகளுக்கு முன்பின் தெரியாதவர்களிடம் திரும்பத் திரும்ப விடை சொல்லிக் களைத்துப்போனவர்கள் பலர்.

இந்த நிலையில், இரவில் நித்திரை வராமல் தவிக்கும் ஒருவரிடம் “ஓர் உளவளத்துணையாளரிடம் போய்க் கதைத்துப் பாருங்கள்” என்று சொன்னால், அவர் மனதில் எழும் முதலாவது கேள்வி, “நான் சொல்வதை அவர் யாரிடம் சொல்வார்?” என்பதுதான். இது நியாயமான கேள்வி; கேட்க வெட்கப்படத் தேவையில்லை. இதற்கு விடை தெரியாததால் உதவியைத் தேடாமலேயே இருந்துவிடுபவர்கள் உள்ளனர். விடை கேட்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்தபின் பயத்துடன் இருப்பவர்களும் உள்ளனர்.

தனியாகப் பணிபுரியும் உளவளத்துணையாளர் ஒருவர் உங்கள் தகவல்களை எவ்வாறு எடுக்க வேண்டும், எவ்வாறு எழுத வேண்டும், எங்கே வைக்க வேண்டும், எப்போது மாத்திரம் பிறருக்குச் சொல்லலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பிரதேச செயலகத்திலோ வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலோ தொண்டு நிறுவனத்திலோ பணிபுரிபவர்களிடமும் இதே கேள்விகளை நீங்கள் கேட்கலாம்.

எவையெல்லாம் உங்கள் தகவல்கள்?

பெயர், முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகியவை மாத்திரம் தகவல்கள் அல்ல. பின்வருவனவும் பாதுகாக்கப்பட வேண்டியவையே:

• நீங்கள் சொன்ன விடயங்கள்: இழப்புகள், குடும்பப் பிரச்சினை, உடலுக்கு நேர்ந்தவை, பிள்ளைகளின் நிலை, முன்னைய வாழ்க்கை.

• உளவளத்துணையாளர் உங்களைப் பற்றி எழுதிய குறிப்புகள்.

• நீங்கள் சொன்ன மற்றவர்களின் பெயர்கள்: கணவர், மகன், அயலவர், காணாமற்போன உறவினர்.

• நீங்கள் அவரிடம் சென்றீர்கள் என்ற செய்தி.

கடைசியாக உள்ளதைப் பலர் சிறிய விடயமாக நினைப்பதுண்டு. ஆனால் எமது ஊர்களில் “அந்த வீட்டுப் பிள்ளை மனநலத்துக்குக் காட்டுகிறதாம்” என்ற ஒரு வார்த்தை கலியாணப் பேச்சு வரைக்கும் போகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே, உங்கள் கதையை எவரிடமும் சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. யாராவது வந்து “அவர் உங்களிடம் வருகிறவரா?” என்று கேட்டால், “ஆம்” என்றோ “இல்லை” என்றோ சொல்லாமல் இருப்பதும் உளவளத்துணையாளரின் கடமையாகும்.

முதல் சந்திப்பு: சொல்வதற்கு முன் கேளுங்கள்

நல்ல உளவளத்துணையாளர் உங்கள் பிரச்சினையைக் கேட்பதற்கு முன்னர், தான் என்ன தகவல்களை எடுக்கிறார், எதற்காக எடுக்கிறார், எவ்வளவு காலம் வைத்திருப்பார், எந்தச் சந்தர்ப்பத்தில் பிறருக்குச் சொல்ல வேண்டிவரும் என்பவற்றை உங்களுக்கு விளங்கும் தமிழில் சொல்வார். அதன் பின்னரே உங்கள் சம்மதத்தைக் கேட்பார். அவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

சம்மதப் படிவம் தரப்பட்டால் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது, நிரப்பப்படாத வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையெழுத்திட வேண்டாம். மூன்றாவது, ஒரே கையெழுத்தில் எல்லாவற்றுக்கும் சம்மதம் கேட்டால் பிரித்துக் கேளுங்கள். ஆலோசனை பெறுவதற்குச் சம்மதிப்பது வேறு. புகைப்படம் எடுக்கவோ பேச்சை ஒலிப்பதிவு செய்யவோ சம்மதிப்பது வேறு. முதலாவதற்கு “ஆம்” என்றும் இரண்டாவதற்கு “இல்லை” என்றும் நீங்கள் சொல்லலாம். இன்று கொடுத்த சம்மதத்தை நாளை மீளப்பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொன்றையும் உறுதியாக நினைவில் வைத்திருங்கள். உளவளத்துணை பெறுவதும் பெறாததும் உங்கள் வீட்டுத்திட்டத்தையோ உலர் உணவையோ வாழ்வாதார உதவியையோ பாதிக்கக்கூடாது. ஒரே நிறுவனம் இரண்டு உதவிகளையும் வழங்குமானால், உளவளத்துணைக் கோவை நிவாரணப் பட்டியல் தயாரிப்பவரின் கைக்குப் போகாதபடி தனியாக வைக்கப்படுகிறதா என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும் முதல் நாளே சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பெயரை முழுமையாகச் சொல்ல விருப்பமில்லாவிட்டால் அதையும் கேட்டுப் பார்க்கலாம். உங்களுக்கு நித்திரை வராதது பற்றிக் கதைக்க வந்திருக்கும்போது, அவருக்கு உங்கள் காணி உறுதி இலக்கமோ வெளிநாட்டில் உள்ள தம்பியின் முகவரியோ தேவையில்லை. “இந்த விபரம் எதற்கு?” என்று கேட்டால் ஒரு காரணம் சொல்லப்பட வேண்டும். காரணம் இல்லாத கேள்விக்கு விடை கொடுக்க வேண்டியதில்லை.

எழுதுவது எவ்வாறு?

உளவளத்துணையாளர் ஏன் எழுதுகிறார் என்று சிலர் சந்தேகப்படுவார்கள். இரண்டு வாரம் கழித்து நீங்கள் மீண்டும் வரும்போது, முன்னர் சொன்னதைத் திரும்ப உங்களிடம் கேட்டு வேதனைப்படுத்தாமல் இருப்பதற்காகவே குறிப்புகள் எழுதப்படுகின்றன. ஆனால் சொன்னது அனைத்தையும் எழுத வேண்டியதில்லை. எழுதப்படாத ஒன்றை யாரும் எடுத்துப் பார்க்க முடியாது. ஆகவே கவனமான உளவளத்துணையாளர் தேவையானதை மாத்திரம் சுருக்கமாக எழுதுவார்.

உதாரணமாக, கணவர் காணாமற்போன ஒரு தாய், அவர் கடைசியாக எந்த இடத்தில், யாருடன் நின்றார் என்பதை அழுதழுது சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். அவருடைய துயரத்துக்குத் துணைநிற்பதற்கு, அங்கே நின்ற ஏனையோரின் பெயர்கள் கோவையில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. “கணவரின் இழப்புத் தொடர்பான துயரம், நித்திரையின்மை, மூத்த மகளின் படிப்புப் பற்றிய கவலை” என்ற அளவில் எழுதினால் போதும்.

பெயரும் கதையும் ஒரே தாளில் இருக்கக்கூடாது என்பது இன்னொரு முக்கியமான நடைமுறை. உங்களுக்கு ஓர் இலக்கம் கொடுக்கப்படும். குறிப்புக் கொப்பியில் அந்த இலக்கம் மாத்திரமே இருக்கும். எந்த இலக்கம் யாருக்குரியது என்ற பட்டியல் வேறோர் இடத்தில் பூட்டி வைக்கப்படும். ஒன்று தவறான கையில் அகப்பட்டாலும் மற்றது இல்லாமல் அது யாருடைய கதை என்று இலகுவில் தெரியவராது.

உங்களைப் பற்றி என்ன எழுதப்பட்டுள்ளது என்று பார்க்க வேண்டுமானால் கேட்கலாம். பிழையாக எழுதப்பட்டிருந்தால் திருத்தச் சொல்லலாம்.

வைத்திருப்பது எங்கே, எவ்வளவு காலம்?

கடதாசிக் கோவைகள் பூட்டுள்ள அலுமாரியில் இருக்க வேண்டும். திறப்பு உளவளத்துணையாளரிடம் இருக்க வேண்டும். வீட்டிலுள்ளவர்கள் அல்லது அறையைச் சுத்தம் செய்பவர் எடுக்கக்கூடிய இடத்தில் தொங்கக்கூடாது. ஒருவரைச் சந்திக்கும்போது இன்னொருவரின் கோவை மேசையில் திறந்தபடி கிடக்கக்கூடாது. உங்களுக்கு முன் வந்தவரின் பெயரை நீங்கள் மேசையில் வாசிக்க முடிந்தால், உங்கள் பெயரை அடுத்து வருபவரும் வாசிப்பார் என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

கணினியில் வைத்திருந்தால் கடவுச்சொல் இட்டிருக்க வேண்டும். பலர் பாவிக்கும் கணினியாக அது இருக்கக்கூடாது. கோவையைத் தொலைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது மிகவும் தவறான பழக்கமாகும். அந்தப் படம் அனுப்பியவரின் தொலைபேசியிலும் பெற்றவரின் தொலைபேசியிலும் தங்கிவிடும். அதன்பின் அது எங்கே போகிறது என்று எவராலும் சொல்ல முடியாது. கணினி பழுதடைந்து திருத்தக் கொடுக்கும்போதும் உள்ளே இருக்கும் கோவைகள் திறக்க முடியாதவாறு இருக்க வேண்டும்.

எவ்வளவு காலம் வைத்திருப்பார் என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். அக்காலம் முடிந்தபின் கடதாசிகள் கிழித்து எரிக்கப்பட வேண்டும் அல்லது வாசிக்க முடியாதவாறு துண்டாக்கப்பட வேண்டும். பழைய கடதாசிக்குக் கொடுத்து, கடையில் கடலை சுற்றும் தாளாக உங்கள் கதை வந்துவிடக்கூடாது.

தனியாகப் பணிபுரிபவரிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு: “நீங்கள் வெளிநாடு போய்விட்டால், அல்லது சுகவீனமுற்றால், எங்கள் கோவைகளுக்கு என்ன நடக்கும்?” பொறுப்புள்ளவர் இதற்கு முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்திருப்பார். கோவைகளைப் பொறுப்பேற்பதற்கு இன்னோர் உளவளத்துணையாளரை அவர் நியமித்திருக்க வேண்டும்.

அறையும் வேலியும்

மீள்குடியேறிய இடங்களில் வசதியான அறை கிடைப்பது அரிது. தகரக் கொட்டிலிலும் மரத்தடியிலும் சந்திக்க வேண்டி வரலாம். அப்படியானாலும் உங்கள் பேச்சு வேலிக்கு அப்பால் கேட்காத இடமாக இருக்க வேண்டும். காத்திருப்பவர்கள் இருக்கும் விறாந்தைக்கும் பேசும் அறைக்கும் இடையில் போதிய தூரம் வேண்டும். ஒருவர் போய்ச் சிறிது நேரம் கழித்து மற்றவர் வருமாறு நேரம் ஒதுக்கினால், வாசலில் தெரிந்தவர்களைச் சந்திக்க நேராது.

வீட்டுக்கு வந்து சந்திப்பதாக இருந்தால், நீங்கள் விரும்பும் நேரத்தை நீங்களே சொல்லுங்கள். நிறுவனப் பெயர் எழுதிய வாகனம் படலையில் நின்றால் அயலவர் கேட்பார்கள். “வாகனத்தைச் சந்தியில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பிள்ளைகள் விளங்காது என்று நினைத்து அவர்கள் முன்னால் கதைப்பதையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்பதும் விளங்கிக்கொள்வதும் நாம் நினைப்பதை விட அதிகம்.

கோயில் திருவிழாவிலோ சந்தையிலோ உங்களைக் கண்டால் உளவளத்துணையாளர் தானாக வந்து சுகம் விசாரிக்கமாட்டார். அது பாராமுகம் அல்ல. “இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று பக்கத்தில் நிற்பவர் கேட்காமல் இருப்பதற்காகவே அவ்வாறு நடந்துகொள்கிறார். நீங்கள் முதலில் கதைத்தால் அவரும் கதைப்பார்.

தொலைபேசியில் கவனிக்க வேண்டியவை

பல வீடுகளில் ஒரே கைத்தொலைபேசியை எல்லோரும் பாவிப்பார்கள். ஆகவே எந்த இலக்கத்துக்கு, எந்த நேரத்தில் அழைக்கலாம், வேறொருவர் எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வேறொருவர் எடுத்தால் தன் தொழிலைச் சொல்லாமல் “பிறகு எடுக்கிறேன்” என்று வைப்பதே சரியான முறை. “நாளை உளவளத்துணைக்கு வரவும்” என்று குறுஞ்செய்தி அனுப்புவது சரியல்ல. திகதியும் நேரமும் மாத்திரம் இருந்தால் போதும்.

வாட்ஸ்அப், வைபர் போன்றவற்றில் நீண்ட குரல் பதிவுகளாக உங்கள் கதையை அனுப்பாதீர்கள். தொலைபேசி தொலைந்தால் அல்லது திருத்தக் கொடுத்தால் அவை பிறர் காதுக்குப் போகலாம். காணொளி மூலம் கதைப்பதாக இருந்தால், மறுபக்கத்தில் அவர் தனியாக இருக்கிறாரா, பதிவு செய்கிறாரா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

யார் கேட்டால் என்ன செய்வார்?

குடும்பத்தவர்: மனைவி சொன்னதைக் கணவருக்கோ, கணவர் சொன்னதை மாமியாருக்கோ சொல்லக்கூடாது. “நான்தானே கூட்டிக்கொண்டு வந்தேன்” என்பதற்காகவும் சொல்லக்கூடாது. பதின்ம வயதுப் பிள்ளைகளின் விடயத்தில், பெற்றோருக்கு எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதைப் பிள்ளை, பெற்றோர் இருபகுதியினருடனும் தொடக்கத்திலேயே பேசி இணங்கிக்கொள்வது நல்லது.

பணம் கட்டும் உறவினர்: தனியார் உளவளத்துணைக்கான கட்டணத்தை வெளிநாட்டில் உள்ள அண்ணனோ சித்தியோ அனுப்புவதுண்டு. பணம் கட்டுகிறார் என்பதற்காக உள்ளே பேசியதை அறியும் உரிமை அவருக்குக் கிடையாது. பற்றுச்சீட்டில் திகதியும் தொகையும் மாத்திரம் இருக்கலாம்.

வைத்தியர்: மருந்து தேவை என்று தெரிந்தால் உங்களை வைத்தியசாலைக்கு அனுப்புவார். அதற்கான கடிதத்தில் என்ன எழுதுகிறார் என்பதை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வைத்தியருக்குத் தேவையானது உங்கள் தற்போதைய நோய்க்குறிகளே. கடிதம் ஒட்டிய உறையில் உங்கள் கையில் தரப்பட வேண்டும். அதேபோல கிளினிக் கொப்பி உங்களிடமே இருக்கும் என்பதால் அதையும் நீங்கள்தான் பாதுகாக்க வேண்டும். எல்லோரும் திறக்கும் அலுமாரித் தட்டில் வைக்காதீர்கள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாமல் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்தால், அவரும் இரகசியம் காக்க வேண்டியவரே. ஊரவர் ஒருவரோ உங்கள் பிள்ளையோ மொழிபெயர்ப்பதை விரும்பாவிட்டால் வேறொருவரைக் கேளுங்கள்.

மேற்பார்வையாளர்: உளவளத்துணையாளர் தன் பணி பற்றி அனுபவம் கூடிய ஒருவரிடம் ஆலோசனை பெறுவது வழமை. அங்கு உங்கள் பெயர், ஊர் ஆகியவற்றைச் சொல்லாமல் பிரச்சினையை மாத்திரம் பேசுவார். சிறிய ஊராக இருந்தால் தொழிலையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதனால் அவற்றையும் மாற்றிச் சொல்வார்.

நிதி வழங்குவோரும் ஊடகங்களும்: அறிக்கைகளில் எத்தனை பேருக்கு உதவி கிடைத்தது என்ற எண்ணிக்கை போதும். உங்கள் படமோ கதையோ வேண்டுமானால் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். மறுத்தால் சேவை நிறுத்தப்படக்கூடாது.

அதிகாரிகள்: கிராம அலுவலரோ பொலிஸாரோ வேறு எந்த அதிகாரியோ வந்து வாய்மொழியாகக் கேட்டார்கள் என்பதற்காகக் கோவையை எடுத்துக் கொடுக்கக்கூடாது. எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கப்படுகிறது, நீதிமன்றக் கட்டளை இருக்கிறதா என்று எழுத்தில் கேட்பதும், சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையைப் பெறுவதும், முடிந்தவரையில் உங்களுக்கு அறிவிப்பதும் அவரது பொறுப்பு.

இரகசியம் காக்க முடியாத சந்தர்ப்பங்கள்

“நீங்கள் சொல்வது எதுவும் எந்தக் காலத்திலும் வெளியே போகாது” என்று ஒருவர் வாக்குக் கொடுத்தால், அவர் உண்மையை முழுமையாகச் சொல்லவில்லை. பின்வரும் சந்தர்ப்பங்களில் உளவளத்துணையாளர் பிறருக்குச் சொல்ல நேரிடும்:

1. உங்கள் உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கும்போது. அப்போது குடும்பத்தில் நீங்கள் நம்பும் ஒருவருக்கோ வைத்தியசாலைக்கோ அறிவிப்பார். இலங்கையில் தற்கொலைக்கு முயற்சிப்பது 1998ஆம் ஆண்டிலிருந்து குற்றமாகக் கருதப்படுவதில்லை. ஆகவே அப்படியான எண்ணம் வருவதைச் சொன்னால் பொலிஸில் வழக்கு வரும் என்று பயப்பட வேண்டாம். சொல்லுங்கள்.

2. ஒரு சிறுவர் துஷ்பிரயோகத்துக்கு உள்ளாகும்போது.

3. இன்னொருவரின் உயிருக்குப் பாரதூரமான ஆபத்து இருக்கும்போது.

4. நீதிமன்றம் கட்டளையிடும்போது.

5. அறிவிக்க வேண்டுமென்று சட்டம் கட்டாயப்படுத்தும் விடயங்களில். சில பாரிய குற்றங்கள் பற்றி அறிந்தவர் அதை அறிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடுகள் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலும், அதே ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்திலும் உள்ளன.

கடைசி இரண்டையும் நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். சட்டத்தரணி ஒருவரிடம் நீங்கள் தொழில்முறையில் சொல்வதை வெளியிடும்படி அவரைக் கட்டாயப்படுத்துவதற்கு எதிராக இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டம் பாதுகாப்பு வழங்குகிறது. உளவளத்துணையாளருக்கு அத்தகைய விசேட பாதுகாப்பு அச்சட்டத்தில் இல்லை. எனவே வழக்கு, கைது, விசாரணை போன்றவற்றுடன் தொடர்புபட்ட விடயமாக இருந்தால், அதன் சட்டப் பக்கத்தை முதலில் சட்டத்தரணியுடன் பேசுங்கள். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது. அந்த விடயம் உங்கள் மனதில் ஏற்படுத்தியிருக்கும் பாரத்தைப் பற்றி உளவளத்துணையாளருடன் பேசலாம். அதற்கு ஆட்களின் பெயரும் இடமும் தேவைப்படாது.

மேற்சொன்ன சந்தர்ப்பங்களிலும் முழுக் கதையையும் சொல்லிவிட முடியாது. தேவையானவருக்கு, தேவையான அளவு மாத்திரமே சொல்ல வேண்டும். ஆபத்தைக் கூட்டாது என்றால், சொல்வதற்கு முன் உங்களிடம் தெரிவிக்க வேண்டும்.

காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு

உளவளத்துணையாளரிடம் சொல்வது முறைப்பாடு ஆகாது. அது தானாகவே காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கோ மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கோ போய்ச் சேராது. முறைப்பாடு செய்ய விரும்பினால் அங்கு தனியாகச் செய்ய வேண்டும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட அந்த அலுவலகத்துக்கு, இரகசியமாகச் சொல்லப்படும் தகவல்களைக் காக்க வேண்டிய சட்டக் கடமை உண்டு. ஏற்கனவே முறைப்பாடு செய்திருந்தால், அதில் உள்ளதை உளவளத்துணையாளரிடம் திரும்ப ஒப்புவிக்க வேண்டியதும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல் மற்றும் உள ஆரோக்கியம் பற்றிய தகவல்களையும் சிறுவர் பற்றிய தகவல்களையும் விசேட பாதுகாப்புக்குரிய வகையில் சேர்க்கிறது. குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக மாத்திரம் தகவல் எடுக்க வேண்டும். தேவைக்கு மேல் எடுக்கக்கூடாது. தேவை முடிந்தபின் வைத்திருக்கக்கூடாது. பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்பவை அதன் அடிப்படைகள். தன்னைப் பற்றிய தகவலைப் பார்க்கவும், திருத்தவும், சம்மதத்தை மீளப்பெறவும், சட்டத்தில் சொல்லப்பட்ட சந்தர்ப்பங்களில் அழிக்கச் சொல்லவும் ஒருவருக்குள்ள உரிமைகளையும் அது சொல்கிறது. இச்சட்டம் ஒரே நாளில் அல்லாமல் கட்டம் கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவரப்படும் விதத்தில் இயற்றப்பட்டது. ஆனால் இரகசியம் காப்பது சட்டம் வருவதற்கு முன்னரே உளவளத்துணைத் தொழிலின் ஒழுக்கமாக இருந்து வருகிறது.

தகவல் அறியும் சட்டத்தைப் பாவித்து உங்கள் வைத்தியசாலைக் கோவையை வேறொருவர் எடுத்துவிடுவாரோ என்று சிலர் கேட்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, ஒருவரின் மருத்துவப் பதிவுகளை அவரது எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் பெற முடியாது.

தகவல் வெளியே போய்விட்டால்

கோவை தொலைந்தாலோ களவு போனாலோ உளவளத்துணையாளர் அதை மறைக்காமல் உங்களுக்கு உடனே சொல்ல வேண்டும். என்ன தகவல் போனது, அதனால் உங்களுக்கு என்ன பாதிப்பு வரலாம், இப்போது என்ன செய்யலாம் என்று உங்களுடன் சேர்ந்து யோசிக்க வேண்டும்.

அவர் வாயிலிருந்தே தகவல் வெளியேறியதாக நீங்கள் அறிந்தால், முதலில் அவரிடமே நேரடியாகக் கேளுங்கள். என்ன, எப்போது, யார் மூலம் கேள்விப்பட்டீர்கள் என்பதைத் திகதியுடன் குறித்து வையுங்கள். அவர் ஒரு நிறுவனத்துடனோ தொழில்சார் சங்கத்துடனோ தொடர்புள்ளவராக இருந்தால் அங்கு எழுத்தில் முறையிடுங்கள். உங்கள் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் ஏற்பட்டிருந்தால் தாமதிக்காமல் சட்ட உதவி ஆணைக்குழுவையோ மனித உரிமைகள் ஆணைக்குழுவையோ நாடுங்கள். ஒருவர் நம்பிக்கையைக் கெடுத்துவிட்டார் என்பதற்காக உதவி தேடுவதையே கைவிட வேண்டாம், வேறொருவரிடம் செல்லலாம்.

முதல் நாள் கேட்க வேண்டிய எட்டுக் கேள்விகள்

இந்தப் பக்கத்தைக் கையில் கொண்டு சென்றே கேட்கலாம்.

1. நீங்கள் எங்கே பயிற்சி பெற்றீர்கள்? உங்கள் பணியை மேற்பார்வை செய்பவர் யார்?
2. என்னைப் பற்றி என்ன எழுதுவீர்கள்? நான் அதைப் பார்க்கலாமா?
3. என் பெயர் குறிப்பில் இருக்குமா, இலக்கம் இருக்குமா?
4. கோவை எங்கே இருக்கும்? திறப்பு யாரிடம்?
5. எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? பின்னர் என்ன செய்வீர்கள்?
6. எந்தச் சந்தர்ப்பத்தில் நான் சொன்னதைப் பிறருக்குச் சொல்வீர்கள்?
7. என்னுடன் எவ்வாறு தொடர்புகொள்வீர்கள்?
8. நீங்கள் இங்கிருந்து போய்விட்டால் என் கோவைக்கு என்ன நடக்கும்?

இக்கேள்விகளைக் கேட்டதற்காக முகம் சுளிப்பவரிடம் உங்கள் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. பொறுமையாக விடை சொல்பவரிடம் சிறிது சிறிதாகத் தொடங்குங்கள்.

உதவிக்கு அழைக்க வேண்டிய இலக்கங்கள்

• 1926: தேசிய மனநல நிறுவகத்தின் உதவிச் சேவை
• 1929: சிறுவர் உதவிச் சேவை (தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை)
• 1938: மகளிர் உதவிச் சேவை
• 1996: இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு
• 119: பொலிஸ் அவசர அழைப்பு

அழைத்தபின், தேவையானால் அழைத்த இலக்கத்தை உங்கள் தொலைபேசியின் அழைப்புப் பட்டியலிலிருந்து அழித்துவிடுங்கள்.